தெரியாது என்று சொல்லத் தெரிய வேண்டும்

(மகா சிவராத்திரி இரவில், இரண்டாம் காலப் பூசைக்கும் மூன்றாம் காலப் பூசைக்கும் இடையில் நமது ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய உரை. வர இயலாத அன்பர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



வெளியே குளிர் கடுமையாக இருக்கிறது. இந்தக் குளிரிலும் வேலை முடிந்து வந்து, சிலர் நாளைக் காலை வேலைக்கும் போகவேண்டியவர்களாக இருந்தும், இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அப்படி வந்திருப்பவர்களை வெறும் கதை சொல்லி அனுப்பக் கூடாது. ஆகவே இன்று ஒரு புராணக் கதையும், சைவப் பெரியார்களின் வரலாற்றிலிருந்து சிலவும், என் சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றும் சொல்லப் போகிறேன். கடைசியாகச் சொன்னதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

சற்று நேரத்தில் இலிங்கோற்பவ காலம் வரும். நம் கோயிலில் மூலஸ்தானத்தைச் சுற்றி வரும்போது பின்பக்கச் சுவரில் இலிங்கோற்பவ மூர்த்தியைக் காண்கிறோம். பெரும்பாலோர் அந்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சண்டேசுவரரிடம் விரைந்து விடுகிறோம். அடுத்த முறை சற்று நின்று பாருங்கள். நெருப்புத் தூணின் நடுவே பெருமான் நிற்கிறார். அவருடைய திருவடி தெரியாது. திருமுடியின் உச்சியும் தெரியாது. கீழே பன்றி வடிவில் திருமால் நிலத்தைத் தோண்டுகிறார். மேலே அன்ன வடிவில் பிரமன் பறக்கிறார். திருவண்ணாமலைத் தலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இருவருக்கும் இடையே யார் பெரியவர் என்ற வழக்கு எழுந்தது. நடுவே ஒரு சோதித் தூண் தோன்றியது. அடியையோ முடியையோ கண்டவரே பெரியவர் என்று ஆயிற்று. திருமால் கீழே போனார், காணவில்லை. திரும்பி வந்து, "என்னால் காண முடியவில்லை" என்று ஒப்புக்கொண்டார். பிரமன் மேலே போனார், அவரும் காணவில்லை. ஆனால் வழியில் கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்து, "கண்டேன்" என்றார். அதன் பயனாகப் பிரமனுக்குத் தனிக் கோயில் வழிபாடு இல்லாமற் போயிற்று. தாழம்பூவும் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது.

இந்தக் கதையை நான் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று காட்டும் கதை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இப்போது வேறொன்று தெரிகிறது. தேடிப் போனவர் இருவரும் தோற்றார்கள். தோற்றதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அடிமுடி காண முடியாதது இருவருக்கும் பொதுவான நிலை. ஒருவர் அதை ஒப்புக்கொண்டார், அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. மற்றவர் தெரியாததைத் தெரியும் என்றார். தண்டனை அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

இந்த வேறுபாடு எனக்கு எழுபத்தோராவது வயதில்தான் விளங்கியது. புத்தகம் படித்து விளங்கவில்லை.

மூன்று என்ன?

இங்கே இருக்கும் பலர் என்னை 'மாஸ்டர்' என்று அழைப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள் இரசாயனம் படிப்பித்தேன். என்னிடம் படித்த இரண்டு மூன்று பேர் இந்த மண்டபத்திலேயே, தலை நரைத்து, இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் எதற்குக் கோபிப்பேன் என்று சொல்வார்கள். கணக்குச் செய்து விடை எழுதி, அலகு எழுதாமல் விட்டால் புள்ளி போடமாட்டேன். ஒரு பிள்ளை 'விடை மூன்று' என்றால், "மூன்று என்ன? மூன்று கிராமா, மூன்று லீற்றரா, மூன்று மாம்பழமா?" என்று வகுப்பே சிரிக்கும்படி கேட்பேன்.

1998ஆம் ஆண்டு மகள் அழைத்து இலண்டனுக்கு வந்தோம். 2019ஆம் ஆண்டு என் மனைவிக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அப்படி இருந்தால் இரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரக்கூடும். அதைத் தடுக்க வார்ஃபரின் என்ற குளிசை கொடுத்தார்கள். இந்த மருந்து எடுப்பவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரியும், எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. இரத்தம் சோதித்து, அதற்கேற்றபடி அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். அளவு குறைந்தால் இரத்தம் உறையும். கூடினால் இரத்தம் கசியும். இந்த நாட்டில் ஒரு மில்லிகிராம் குளிசை மண்ணிறம், மூன்று மில்லிகிராம் நீலம், ஐந்து மில்லிகிராம் இளஞ்சிவப்பு. எவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஒரு மஞ்சள் புத்தகத்தில் எழுதித் தருவார்கள்.

என் மனைவி முதலில் மண்ணிறக் குளிசை இரண்டு எடுத்துவந்தார். ஒரு நாள் சோதனைக்குப் போனோம். மகளுக்கு வேலை. பள்ளி விடுமுறையானதால் பன்னிரண்டு வயதுப் பேத்தி எங்களோடு வந்தாள். தாதி விரைவாக ஏதோ விளங்கப்படுத்தினார். என் காதுக் கருவி வீட்டில் மேசை லாச்சிக்குள் இருந்தது. அதைப் போட்டால் கிழவன் என்று தெரிந்துவிடும் என்ற எண்ணம் அப்போது எனக்கு. தாதி சொன்னதில் 'மூன்று' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "விளங்கியதா?" என்று கேட்டார். "யெஸ், யெஸ்" என்றேன். அதோடு விடவில்லை. நான் ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்றும் சொன்னேன்.

வெளியே வரும்போது பேத்தி சொன்னாள்: "அம்மப்பா, அவ ஏதோ புதுக் குளிசை எண்டு சொன்னவ. ஒருக்கால் திரும்பப் போய்க் கேளுங்கோ."

"எனக்குத் தெரியும் பிள்ளை, நீ வா" என்றேன்.

மருந்துக் கடையில் நீலக் குளிசைப் பெட்டி தந்தார்கள். முன்பு இரண்டு, இப்போது மூன்று என்று என் மனத்தில் கணக்கு முடிந்திருந்தது. ஒவ்வொரு மாலையும் நீலக் குளிசை மூன்றை எண்ணி, ஒரு தம்ளர் தண்ணீரோடு நானே மனைவியின் கையில் கொடுத்தேன். அவர் எடுக்க வேண்டியது மூன்று மில்லிகிராம். நான் கொடுத்தது ஒன்பது. எட்டு நாள் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை முகம் கழுவும்போது முரசிலிருந்து இரத்தம் வந்தது, நிற்கவில்லை. கையில் நீலம் பாரித்த அடையாளங்கள் இருந்தன. மகள் அம்புலன்சுக்கு அழைத்துக்கொண்டிருக்கையில், பேத்தி மஞ்சள் புத்தகத்தையும் மருந்துப் பெட்டியையும் இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அம்மப்பா, மூன்று குடுத்தீங்கள். மூன்று என்ன?"

அன்பர்களே, இருபத்து மூன்று ஆண்டுகள் நான் மற்றவர்களின் பிள்ளைகளைக் கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விற்றமின் கே கொடுத்து இரத்தக் கசிவை நிறுத்தினார்கள். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். மூளையில் கசிந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று சொன்னார்கள். தாதியின் மீது பிழை இல்லை. புத்தகத்தில் தெளிவாக எழுதியிருந்தது. பெட்டியிலும் எழுதியிருந்தது. சிவபெருமான் கருணையினால் என் மனைவி இன்றும் சுகமாக இருக்கிறார்; இதோ இந்தச் சபையில் தாய்மார் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒன்று சொன்னார். இரத்தம் வந்ததைவிட அது என்னை அதிகம் கலக்கியது. "உங்களுக்கு விளங்கேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும். கேட்டால் உங்கட முகம் சுருங்கும். அதுதான் பேசாமல் இருந்தனான்" என்றார்.

எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பேத்திக்குத் தெரிந்திருந்தது. தாதியும் ஊகித்திருக்கக் கூடும். அறியாதவன் நான் ஒருவன் மாத்திரமே. என் முகம் சுருங்கக் கூடாது என்பதற்காக ஒரு மனுஷி எட்டு நாள் அந்தக் குளிசைகளை விழுங்கியிருக்கிறார். தெரியும் என்று சொல்லும் ஒருவரைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் ஊமையாகிப் போகிறார்கள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டைவிடப் பெரிய இருட்டு

நம் சைவ சித்தாந்தம் அறிவைப் பற்றி மூன்று நிலைகளைச் சொல்கிறது. இறைவன் தானே அறிகின்றவன். பாசம் அறிவில்லாதது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் உயிர், அறிவித்தால் அறிவது. கண்ணை உவமையாகக் காட்டுவார்கள். கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு. ஆனால் விளக்கோ சூரியனோ இல்லாமல் தானாகப் பார்க்க அதனால் முடியாது. அதுபோல உயிருக்கு அறியும் ஆற்றல் உண்டு; காட்டுகின்ற ஒன்று வேண்டும். ஆகவே உயிரின் அறிவைச் சிற்றறிவு என்றார்கள். இதில் இழிவு ஒன்றும் இல்லை. கண்ணைக் குருடு என்று யாரும் சொல்லவில்லை. கண்ணுக்கு விளக்கு வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

அப்படியானால் இடைஞ்சல் எங்கே வருகிறது? ஆணவ மலத்தில் வருகிறது. செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல, அது உயிரோடு கூடவே இருப்பது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இந்த ஆணவத்தை இருட்டோடு ஒப்பிட்டு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். வெளி இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும். ஆனால் இருட்டாக இருக்கிறது என்று தன்னைக் காட்டிவிடும். மின்சாரம் நின்றால், "ஐயோ, ஒன்றும் தெரியவில்லையே" என்று உடனே மெழுகுதிரி தேடுகிறோம் அல்லவா? ஆணவமாகிய இருட்டோ மற்றதையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும். அதற்குள் இருப்பவன் வெளிச்சத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வான். மெழுகுதிரி தேடமாட்டான்.

வயது ஏற ஏற இந்த இருட்டு தானாக விலகும் என்று நினைக்கக் கூடாது. கூடவும் செய்யலாம். இளம் வயதில் பரீட்சை உண்டு, மேலதிகாரி உண்டு, பிழை விட்டால் சொல்லிக் காட்ட ஆள் உண்டு. வயது போன பிறகு நம்மைத் திருத்த யார் வருகிறார்கள்? மரியாதைக்காகத் தலையாட்டி விடுகிறார்கள். ஊரில் கல்வி அதிகாரியாக, தபாலதிபராக, எழுதுவினைஞராக, ஆசிரியராக இருந்த நாம், ஊரில் கிடைத்த மரியாதையைப் பெட்டியில் மடித்து இங்கேயும் கொண்டுவந்து விட்டோம். நாடு மாறியது, மொழி மாறியது, மருந்து மாறியது, காசு கட்டும் முறையும் மாறியது. நாம் பெட்டியைத் திறந்து பழைய சால்வையையே போர்த்துக்கொண்டு இருக்கிறோம்.

சகலாகம பண்டிதரும் சிறு பிள்ளையும்

ஆணவம் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியும் அதற்குக் கிடைத்த விடையும் சைவ உலகத்தையே மாற்றின. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நடந்தது. பிள்ளைகளுக்கும் தெரியட்டும் என்று விரிவாகச் சொல்கிறேன்.

திருத்துறையூரில் சகலாகம பண்டிதர் என்று ஒரு பேரறிஞர் இருந்தார். ஆகமங்கள் அனைத்தும் கற்றவர் என்பதனாலேயே அந்தப் பெயர். பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளர் என்ற பெரியவருக்கு அவர் குலகுரு. களப்பாளருக்குப் பிள்ளை இல்லை. குருவிடம் சென்று முறையிட்டார். குரு திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டைப் பற்றிய ஞானசம்பந்தர் பதிகம் வந்தது. களப்பாளரும் மனைவியாரும் திருவெண்காடு சென்று, அங்குள்ள மூன்று குளங்களிலும் நீராடி வழிபட்டார்கள். ஆண் குழந்தை பிறந்தது. திருவெண்காட்டு இறைவன் பெயரையே சுவேதவனப் பெருமாள் என்று இட்டார்கள். பின்னர் திருவெண்ணெய்நல்லூரில் மாமன் வீட்டில் வளர்ந்த அந்தக் குழந்தைக்கு, பால்மணம் மாறாத பருவத்திலேயே பரஞ்சோதி முனிவர் உபதேசம் செய்து, மெய்கண்டார் என்ற பெயரைத் தந்தார்.

இப்போது குருவின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏடு பார்த்துச் சொன்னவர் அவர். அந்தப் பிள்ளை பிறப்பதற்கு வழி காட்டியவரே அவர். தம் முன்னே பிறந்த அந்தப் பிள்ளை, பெரியவர்களுக்கு ஞானம் சொல்கிறது என்றும், தம்முடைய மாணவர்களே அங்கே போகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறார். குலகுரு வந்திருக்கிறார் என்று தெரிந்தும் பிள்ளை எழுந்து வந்து வணங்கவில்லை. நமக்கு எப்படி இருக்கும்? திருவெண்ணெய்நல்லூருக்கே போனார். மெய்கண்டார் அப்போது ஆணவ மலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பண்டிதர் முன்னே நின்று, "ஆணவத்தின் வடிவம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்த பண்டிதரையே சுட்டிக் காட்டியது.

அந்தக் கணத்தில் பண்டிதருக்கு இரண்டு வழி இருந்தது. "நேற்றுப் பிறந்த பிள்ளை, மரியாதை தெரியவில்லை" என்று திரும்பிப் போயிருக்கலாம். போயிருந்தால் ஊரே அவர் பக்கம்தான் நின்றிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. பிள்ளையின் காலில் விழுந்தார். அருணந்தி சிவாசாரியார் என்ற பெயரோடு மெய்கண்டாரின் நாற்பத்தொன்பது மாணாக்கர்களுள் முதல்வர் ஆனார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலில் விழுந்ததோடு அவருடைய படிப்பு வீணாகி விட்டதா? இல்லை. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட சிறு நூல். அதை விரித்துச் சிவஞான சித்தியார் என்ற பெருநூலை அருணந்தியார் செய்தார். அதன் பரபக்கத்தில் பதினான்கு பிற சமயக் கொள்கைகளை எடுத்து ஆராய்கிறார். சுபக்கத்தில் சைவ சித்தாந்தத்தை நிறுவுகிறார். பதினான்கு சமயங்களையும் கற்றறிந்த ஒருவர்தான் அப்படி எழுத முடியும். அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த படிப்பு, அதன் எல்லை எது என்று தெரிந்த பிறகுதான் உலகத்துக்குப் பயன்பட்டது.

இது நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு மிகப் பெரிய ஆறுதல். ஏனென்றால் நம்மில் பலர் மற்றப் பக்கத்திலும் விழுந்து விடுகிறோம். "எங்களுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும், எங்களை ஒரு மூலையில் விடுங்கோ" என்று கண்ணைக் கசக்குகிறோம். அதுவும் ஆணவத்தின் இன்னொரு வேடம். முகம் சுருங்கியதற்காகச் செய்யும் கோபம் அது. இரசாயனம் எனக்குத் தெரியும். மில்லிகிராம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். அன்று தாதி சொன்னது மட்டும் தெரியவில்லை. தெரியாத அந்தச் சிறு துண்டை ஒப்புக்கொண்டிருந்தால், தெரிந்த இரசாயனம் முழுவதும் என் மனைவிக்குப் பயன்பட்டிருக்கும்.

திருநாவுக்கரசு சுவாமிகளையும் நினைத்துக்கொள்வோம். வயதில் மூத்தவர்; எண்பத்தொரு ஆண்டு வாழ்ந்தவர் என்பது மரபு. ஞானசம்பந்தரோ பதினாறு வயதில் இறைவனடி சேர்ந்தவர். சம்பந்தர் திருப்பூந்துருத்திக்கு எழுந்தருளியபோது, கூட்டத்தோடு கூட்டமாக நின்று அந்தப் பிள்ளையின் சிவிகையைத் தாங்கினார் நாவுக்கரசர். "அப்பர் எங்கே?" என்று பிள்ளை கேட்டது. கீழே சிவிகை சுமந்துகொண்டிருந்தார் அப்பர். தெரிந்ததும் பிள்ளை இறங்கி ஓடிவந்து வணங்கியது. முதியவர் குனிந்தார், இளையவர் அதைவிடக் குனிந்தார். இளைஞர்கள் இந்த இரண்டாவது பகுதியை மறக்கக் கூடாது. அப்பப்பாவுக்குக் கைத்தொலைபேசி தெரியவில்லை என்று சிரிப்பதற்கு இந்தக் கதையில் இடம் இல்லை.

கோயிலிலும் சொல்ல வேண்டிய சொல்

மருந்துக் கதை வீட்டோடு முடிந்தது. ஆனால் அதன் பிறகு நான் கோயிலில் செய்துவந்த ஒரு பிழையும் எனக்குத் தெரியவந்தது.

அதே பேத்தி சில ஆண்டுகளுக்கு முன் நவக்கிரகம் சுற்றும்போது என்னைக் கேட்டாள்: "சூரியன் ஒரு நட்சத்திரம், சந்திரன் பூமியின்ர உபகோள். இரண்டையும் ஏன் கிரகம் எண்டு வைச்சிருக்கினம்? பூமியை ஏன் வைக்கேல்லை?" நான் உடனே, நம் முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே எல்லா விஞ்ஞானமும் அறிந்தவர்கள் என்று தொடங்கி, வாயில் வந்ததை அடுக்கினேன். பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள், மேலே கேட்கவில்லை. கேள்வி தீர்ந்தது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் என்னிடம் கேட்பதை நிறுத்தியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி விஷயம் நடந்த பிறகு அவளிடம் போய், "நீ அன்று கேட்டாயே, எனக்கு அதற்கு விடை தெரியாது, இருவரும் போய்க் குருக்களிடம் கேட்போம்" என்றேன். குருக்கள் ஐயா அழகாகச் சொன்னார். கிரகம் என்ற வடசொல்லுக்குப் பற்றுவது, பிடிப்பது என்று பொருள். இன்றைக்கு நாம் பள்ளியில் கோள் என்று படிக்கும் பொருளில் அந்தச் சொல் பிறக்கவில்லை. பூமியில் இருக்கும் நம்மைப் பற்றுகின்றவை என்று வகுத்ததால் பூமி அதில் வரவில்லை. ராகு கேது என்பவற்றுக்கு வானத்தில் உருவம் இல்லை. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள் அவை. அந்த இடங்களை ஒட்டித்தான் கிரகணம் நிகழும். பேத்தியின் முகம் மலர்ந்தது. திரும்பும் வழியில் வேறு மூன்று கேள்வி கேட்டாள். அவற்றில் இரண்டுக்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவள் கேட்பதை இன்றுவரை நிறுத்தவில்லை.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். எதையும் சோதித்துப் பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள். திருநீற்றுக்கு ஒரு மருத்துவக் காரணம், தேங்காய் உடைப்பதற்கு ஒரு பௌதிகக் காரணம் என்று நாம் கற்பனையில் கட்டிச் சொல்வதை ஒரு நாள் அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். அது பொய் என்று தெரிந்தால், நாம் மெய்யாகச் சொன்னவற்றையும் சேர்த்துக் கைவிட்டு விடுவார்கள். பிரமன் கொண்டுவந்த தாழம்பூவுக்கும் நாம் கட்டும் இந்தக் காரணங்களுக்கும் என்ன வேறுபாடு? "எனக்குத் தெரியாது; என் அம்மா செய்தார், நான் செய்கிறேன்; செய்யும்போது மனம் அமைதி அடைகிறது; காரணத்தைச் சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். அது உண்மை. உண்மையைச் சொன்ன பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடுவதில்லை.

நாளைக் காலை செய்ய வேண்டியவை

சொற்பொழிவு கேட்டு, "மாஸ்டர் நன்றாகப் பேசினார்" என்று சொல்லிவிட்டுப் போனால் பயன் இல்லை. சில சிறு காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, டொக்டரிடமோ தாதியிடமோ போகும்போது, சொன்னதை நம் வாயால் அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். "நீங்கள் சொன்னது இதுதானே" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. எழுதித் தரும்படியும் கேட்கலாம். ஆங்கிலம் சரியாகப் பிடிபடாவிட்டால், முன்கூட்டியே சொன்னால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தருவார்கள். காதுக் கருவி இருப்பவர்கள் அதைக் காதில் போடுங்கள். மேசை லாச்சிக்குக் காது கேட்கத் தேவையில்லை.

இரண்டாவது, கணவன்மார்களே, உங்கள் மனைவிமார் எதையாவது கேட்கத் தயங்குகிறார்களா என்று இன்று இரவே கேளுங்கள். அவர்கள் பேசாமல் இருப்பதை உடன்பாடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது, வாரத்தில் ஒரு முறையாவது பேரப்பிள்ளையிடம், "எனக்கு இது தெரியாது, சொல்லித் தா" என்று உண்மையாகவே ஒன்றைக் கேட்டுப் படியுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். என் பேத்தி எனக்குக் கணினியில் எழுதச் சொல்லித் தந்தாள். நான் அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். யார் யாருக்கு மாஸ்டர் என்று இப்போது வீட்டில் கணக்கு இல்லை.

நான்காவது, இளைஞர்களே, ஒரு பெரியவர் "தெரியாது" என்று சொன்னால் அதை மதியுங்கள். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு எழுபத்தொரு ஆண்டு பிடித்தது.

அன்பர்களே, மணி அடிக்கப் போகிறது. இன்னும் சிறிது நேரத்தில் மூன்றாம் காலப் பூசை தொடங்கும். அபிஷேகம் முடிந்து வலம் வரும்போது பின்சுவரில் இலிங்கோற்பவர் முன்னே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அடியும் தெரியாது, முடியும் தெரியாது. நடுவே பெருமானின் திருமுகம் தெரிகிறது, அபயகரம் தெரிகிறது. கும்பிடுவதற்கு நமக்கு அவ்வளவு காட்டியிருக்கிறார். "கண்டேன்" என்று சொல்ல வேண்டிய தேவை அங்கே ஒருவருக்கும் இல்லை. "காணவில்லை சுவாமி, காட்டியருளும்" என்று சொல்லிக் கும்பிடுங்கள்.

நானும் அங்கே நிற்பேன். என் மனைவியும் பேத்தியும் பக்கத்தில் நிற்பார்கள். மனைவியின் குளிசை நேரம் ஆகிவிட்டால் பேத்தி நினைவூட்டுவாள். எத்தனை என்று நான் சொல்வேன். மூன்று என்ன என்று அவள் கேட்பாள். அலகோடு விடை சொல்வேன்.

திருச்சிற்றம்பலம்.